சின்ன எஸ்எஸ்டியில புது விண்டோஸ்: இடம் காணாது எண்டால் எந்த இடம் காணாது?

போன கிழமை கொக்குவிலில எங்கட ஒழுங்கையில இருக்கிற தங்கச்சி ஒராள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவ. கம்பஸில ரெண்டாம் வருசம் படிக்கிறா, லப்டொப் கனடாவில இருக்கிற மாமா அனுப்பினது, உள்ளுக்கு 64 ஜிபி தான் டிஸ்க். "அண்ணா, விண்டோஸ் லெவன் போடுறதெண்டால் 64 ஜிபி ஃப்ரீயா இருக்கோணுமாம், என்ர முழு டிஸ்க்கே 64 தானே, இது இனிச் சரிவராது, புதுசு வாங்கட்டாம்" எண்டா. முகத்தைப் பாக்க அந்தரமா இருந்துது. புது லப்டொப்புக்கு அந்த வீட்டில இப்ப காசு இல்லை எண்டு எனக்குத் தெரியும், அதைவிட, அவவுக்குச் சொன்ன விசயமே பிழை.

மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் லெவனுக்குக் கேக்கிற 64 ஜிபி எண்டது டிஸ்க்கின்ர முழு அளவு. வெறுமையா இருக்கவேண்டிய இடத்தின்ர அளவை அது சொல்லேல்லை. அப்டேட்டுகளுக்கு மேலதிகமா இடம் வேண்டிவரலாம் எண்டும் அவையே பக்கத்தில ஒரு குறிப்புப் போட்டிருக்கினம், அந்தக் குறிப்பைத்தான் ஆரும் வாசிக்கிறேல்லை.

விண்டோஸ் 10க்கு வழமையான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சாப் பிறகு இந்தக் கதையை நான் கனபேரிட்டக் கேட்டிட்டன். புரொசசர் பொருந்துமோ, டிபிஎம் எண்ட பாதுகாப்புச் சிப் இருக்கோ எண்டது வேற கேள்வி, அதை இங்க தொடேல்லை. நான் கதைக்கப்போறது இடத்தைப் பற்றி மட்டும்தான். "இடம் காணாது" எண்ட ஒரே வசனத்துக்குள்ள மூண்டு வேற வேற இடம் கிடக்கு: விண்டோஸ் குடியிருக்கிற இடம், அது தன்னைப் புதுப்பிக்கேக்க கொஞ்ச நாளைக்குக் கேக்கிற இடம், பிறகு எஸ்எஸ்டி தன்ர சொந்த வேலைக்குக் கேக்கிற இடம். இந்த மூண்டையும் பிரிச்சுப் பாத்தால் பாதிப் பயம் போயிடும்.

ரெண்டு சொல்லை முதல் சொல்லிவிடுறன். ஓஎஸ் எண்டால் மற்ற எல்லா சொஃப்ட்வெயாரையும் ஓட வைக்கிற அடிப்படை சொஃப்ட்வெயார், விண்டோஸ் அதில ஒண்டு. எஸ்எஸ்டி எண்டால் பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரிச் சுத்துற தட்டு ஒண்டும் இல்லாமல் சிப்பிலயே எழுதி வைக்கிற டிஸ்க், அதாலதான் அது அவ்வளவு கெதி.

பெட்டியில 64, திறந்து பாத்தால் 59

முதல் குழப்பம் இங்கதான் தொடங்குது. 64 ஜிபி எண்டு வாங்கினதை விண்டோஸில பாத்தால் 59.6 எண்டு காட்டும், 120 எண்டது 111.8 ஆகும், 128 எண்டது 119.2, 256 எண்டது 238.4. கடைக்காரர் ஏமாத்திப்போட்டார் எண்டு சண்டைக்குப் போன ஆக்களையும் எனக்குத் தெரியும், அவரில ஒரு பிழையும் இல்லை.

சந்தையில ஒரு வியாபாரியிட்ட இருக்கிறது சின்னக் கொத்து, மற்றவரிட்ட இருக்கிறது கொஞ்சம் பெரிய கொத்து எண்டு வையுங்கோ. ஒரே மூட்டை அரிசியைச் சின்னக் கொத்தால அளந்தால் 64 கொத்து வரும், பெரிய கொத்தால அளந்தால் 59 சொச்சம் வரும், அரிசி அதே அரிசிதான். டிஸ்க் செய்யிற கொம்பனி ஒரு ஜிபியை 1000 தர 1000 தர 1000 பைட் எண்டு எண்ணும், விண்டோஸ் 1024 தர 1024 தர 1024 எண்டு எண்ணும், ஆனால் ரெண்டுபேரும் அதுக்கு ஜிபி எண்டே பேர் வச்சிருக்கினம். அதுதான் கரைச்சல்.

அந்த 59.6இலயும் விண்டோஸ் போடேக்கயே சின்னச் சின்னத் துண்டு கொஞ்சம் போகும். கொம்பியூட்டர் எழும்புறதுக்குத் தேவையான பைலுகள் இருக்கிற துண்டு ஒண்டு, விண்டோஸ் பழுதாப் போனால் திருத்துறதுக்கு எண்டு இருக்கிற ரிக்கவரித் துண்டு ஒண்டு. ரெண்டும் சேத்து ஒரு ஜிபி அளவு வரும், அதைப் பிடுங்கி இடம் எடுக்கப் போகாதேங்கோ. அப்ப உங்களிட்ட உண்மையா இருக்கிறது கிட்டத்தட்ட 58.5 ஜிபி, இனிக் கணக்குப் போடேக்க இதை வச்சுப் போடுங்கோ.

நாலு பேர் குடியிருக்கிற வீட்டில கலியாணம் வச்சால்

விண்டோஸ் லெவனைப் புதுசாப் போட்டு முடிச்சவுடன அது பிடிச்சிருக்கிற இடம் 20க்கும் 30க்கும் இடையில ஒரு அளவு. அப்ப 58இல பாதிக்கு மேல மிச்சம் இருக்கே, பிறகு ஏன் 64 கேக்கினம் எண்டு நீங்கள் கேப்பீங்கள், நியாயமான கேள்வி.

ஒரு சின்ன வீட்டில நாலு பேர் வசதியா இருக்கலாம், ஒரு குறையும் இல்லை. அதே வீட்டில மகளின்ர கலியாணம் எண்டால்? முற்றத்தில பந்தல் போடோணும், கோடிக்குள்ள அடுப்பு மூட்டோணும், கதிரை அடுக்கோணும், தேங்காய் மூட்டையும் அரிசி மூட்டையும் எங்கையாவது இறக்கோணும், சொந்தக்காரர் படுக்கிறதுக்குப் பாய் விரிக்கோணும். நாலு நாளைக்குப் பிறகு இது ஒண்டும் இராது, ஆனால் அந்த நாலு நாளும் முற்றம் வேணும். முற்றம் இல்லாத வீட்டில குடியிருக்கலாம், கலியாணம் வைக்கிறதுதான் கஷ்டம்.

விண்டோஸுக்கு அந்தக் கலியாணந்தான் அப்டேட். மாதாமாதம் வாறது சின்னது, வருசத்துக்கு ஒருக்கா வாற பெரிய அப்டேட்டில விண்டோஸின்ர பெரும் பகுதியே புதுசா வருது. அதை டவுன்லோட் பண்ண இடம் வேணும், சுருக்கி வந்ததை விரிக்க இடம் வேணும், பழசை அசைக்காமல் புதுசைப் பக்கத்தில வைக்க இடம் வேணும், எல்லாம் சரி எண்டாப் பிறகுதான் மாத்திப்போடும். இந்தத் தற்காலிக இடம் காணாமப் போகேக்கதான் 40 வீதத்தில நிண்டு பிறகு பழைய இடத்துக்கே திரும்பி வாறது, ராத்திரி முழுக்க டேட்டாவும் போய் அப்டேட்டும் ஏறாமல் கிடக்கிறது எல்லாம் நடக்குது. இது ஒரு தரம் ரெண்டு தரம் நடந்தவுடன ஆக்கள் வெறுத்துப்போய் அப்டேட்டையே நிப்பாட்டிவிடுகினம், அதுதான் எனக்குப் பெரிய கவலை, ஏன் எண்டால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிறதும் அதே அப்டேட்டுதான், பாங்க் வேலையும் பிள்ளையளின்ர பாஸ்வேர்ட்டும் அந்த மெசினிலதான் கிடக்கு.

2001இல வந்த விண்டோஸ் எக்ஸ்பி கேட்டது 1.5 ஜிபி. 2009இல செவன் 64 பிட்டுக்கு 20 ஜிபி கேட்டது. 2021இல லெவன் 64 கேக்குது. இந்த எண் குடியிருக்கிற இடத்தையும் முற்றத்தையும் சேத்து ஒரேயடியாச் சொல்லுற எண் எண்டு விளங்கினால் போதும்.

இதுவரைக்கும் பாத்தது: 64 எண்டது முழு டிஸ்க்கின்ர அளவு, அது விண்டோஸில 59.6 எண்டு தெரியும், விண்டோஸ் குடியிருக்க அதில பாதிக்குக் குறைவு காணும், மிச்சத்தில ஒரு பங்கு அப்டேட்டுக்கு எண்டு வெறுமையா இருக்கோணும்.

பழைய கொட்டிலை எப்ப பிரிக்கிறது

எங்கட ஊரில கல்வீடு கட்டேக்க அதே வளவுக்குள்ள ஒரு கொட்டில் போட்டு இருக்கிறவை. வீடு முடிஞ்சு குடிபுகுந்தாலும் அடுத்த நாளே கொட்டிலைப் பிரிக்கிறேல்லை, கூரை ஒழுகுதோ, குசினி சரியோ எண்டு கொஞ்ச நாள் பாத்திட்டுத்தான் பிரிக்கிறது.

பழைய விண்டோஸுக்கு மேல புதுசை ஏத்தினால் அதே மாதிரி விண்டோஸ் டொட் ஓல்ட் எண்டு ஒரு போல்டர் வரும், பழைய விண்டோஸ் முழுசா அதுக்குள்ள இருக்கும். புதுசு பிடிக்கேல்லை எண்டால் 10 நாளுக்குள்ள திரும்பிப் போறதுக்கு அது. 10 நாளைக்குப் பிறகு விண்டோஸே அதைத் துடைக்கும். அது பத்து, பதினைஞ்சு, சிலவேளை இருவது ஜிபிக்கு மேலயும் இருக்கலாம், 64 ஜிபி டிஸ்க்கில ரெண்டு வீடும் ஒண்டா நிக்கேக்க மூச்சு விட ஏலாது. "லெவன் போட்டவுடன டிஸ்க் நிரம்பிப்போச்சு" எண்டு கனபேர் பயப்படுறது இதுக்குத்தான். எல்லாம் வேலை செய்யுது எண்டு உங்களுக்கு நம்பிக்கை வந்தால் 10 நாள் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, செட்டிங்ஸில சிஸ்டம், அதுக்குள்ள ஸ்டோரேஜ், அதுக்குள்ள டெம்பொரரி பைல்ஸ் எண்ட இடத்தில பழைய விண்டோஸ் எண்டு ஒரு வரி இருக்கும், அதைத் தெரிஞ்செடுத்து அழிக்கலாம். அழிச்சால் திரும்பிப் போக ஏலாது, அதை மட்டும் நினைவில வச்சிருங்கோ.

அதே இடத்தில டவுன்லோட்ஸ் எண்டும் ஒரு வரி இருக்கும். அதுக்குச் சரி போட்டால் நீங்கள் இறக்கி வச்ச அசைன்மென்ட், பாஸ்பேப்பர், விசாக் கடுதாசி எல்லாம் போயிடும். வடிவாப் பாத்து அந்தச் சரியை எடுத்துவிட்டிட்டு மற்றதை அழியுங்கோ.

பூட்டி வச்ச அறையும் மற்ற மறைவான இடங்களும்

எங்கட கன வீடுகளில ஒரு அறை பூட்டித்தான் கிடக்கும். லண்டனில இருந்து அண்ணாவையோ அக்காவையோ நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் படுக்கிறதுக்கு. வீட்டில இடம் நெருக்கடியா இருந்தாலும் அந்த அறையை ஆரும் தொடுறேல்லை, ஏன் எண்டால் அவை வரேக்க இடம் தேடி ஓட ஏலாது.

2019இல விண்டோஸ் 10இன்ர ஒரு பதிப்போட வந்த ரிசேர்வ்ட் ஸ்டோரேஜ் இந்த அறைதான். புதுசா விண்டோஸ் போட்ட மெசினில ஏறக்குறைய 7 ஜிபியை அப்டேட்டுக்கு எண்டு விண்டோஸ் தானே ஒதுக்கி வைக்கும். டிஸ்க் சின்னன் எண்டு ஆக்கள் முதல்ல இதில கை வைக்கப் பாக்கினம். என்ர அபிப்பிராயம், இதை விடுங்கோ. உங்கட முற்றத்தில ஒரு துண்டை உங்களுக்காகவே காவல் காக்கிற ஏற்பாடு இது, அதை எடுத்துப் படம் பாட்டு நிரப்பினால் அடுத்த அப்டேட்டுக்கு நீங்கள்தான் அலையோணும்.

இடம் எடுக்கக்கூடியது ஹைபர்னேஷன் பைலில. ராமை ஒரு மேசை எண்டு நினையுங்கோ, நீங்கள் இப்ப செய்யிற வேலையெல்லாம் அதிலதான் விரிச்சிருக்கு, கரண்ட் போனால் மேசையில இருந்தது ஒண்டும் மிஞ்சாது. டிஸ்க் எண்டது அலுமாரி. ஹைபர்னேட் எண்டால் மேசையில இருந்ததை அப்பிடியே கட்டி அலுமாரிக்குள்ள வச்சிட்டு மெசினை நிப்பாட்டுறது, அதுக்கு எண்டு அலுமாரியில ஒரு தட்டை விண்டோஸ் எந்த நேரமும் பிடிச்சு வச்சிருக்கும், வழமையா ராமின்ர 40 வீதம். 4 ஜிபி ராம் எண்டால் 1.6 ஜிபி, 8 எண்டால் 3.2, 16 எண்டால் 6.4. கொமாண்ட் புரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராத் திறந்து பவர்சிஎஃப்ஜி எண்டு அடிச்சு, இடைவெளி விட்டு ஸ்லாஷ் ஹைபர்னேட், பிறகும் இடைவெளி விட்டு ஓஃப் எண்டு அடிச்சால் அந்த இடம் உடனே திரும்பி வரும். மெசின் எழும்புறது கொஞ்சம் ஆறுதலாகும், எஸ்எஸ்டியில அது பெரிசாத் தெரியாது.

ஆனால் இதில ஒரு விசயம் யோசியுங்கோ. 2022 பங்குனியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்ட காலத்தில, பற்றரி முடியப்போற லப்டொப்புகளை இந்த ஹைபர்னேட்டுதான் காப்பாத்தினது, பாதி எழுதின அசைன்மென்ட் அடுத்த நாள் அப்பிடியே வந்துது. உங்கட பற்றரி பலவீனம், சேவ் பண்ண மறக்கிற பழக்கமும் இருக்கு எண்டால் அந்த 1.6 ஜிபியை விட்டுவைக்கிறதுதான் நல்லது. டெஸ்க்டொப்பில யூபிஎஸ் இல்லாமல் பாவிக்கிற ஆக்கள் தயங்காமல் நிப்பாட்டலாம், அங்க கரண்ட் போனால் ஹைபர்னேட் பண்ண நேரமே இல்லை.

பேஜ் பைல் எண்டும் ஒண்டு இருக்கு, மேசை நிரம்பினால் பக்கத்தில இழுத்துப் போடுற ஸ்டூல் மாதிரி. ராம் 4 ஜிபி உள்ள மெசினில இதை நிப்பாட்டினால் குரோமில நாலு டப் திறந்தவுடன எல்லாம் விழும். தொடாதேங்கோ.

ரெண்டு பேர் உள்ள ஒராள்

விண்டோஸ் போல்டருக்குள்ள வின்எஸ்எக்ஸ்எஸ் எண்டு ஒரு போல்டர் இருக்கு. அதின்ர அளவைப் பாத்தால் பத்து ஜிபி, அதுக்கு மேலயும் காட்டும், கண்டவுடன கை துடிக்கும், இதை அழிச்சால் எல்லாம் சரி எண்டு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் அப்பிடித்தான் வேற ஒரு ஓஎஸ்ஸில இருந்து பூட் பண்ணி உள்ளுக்குப் போய் அதுக்குள்ள இருந்ததைக் கையால அழிச்சவன். அடுத்த முறை விண்டோஸ் எழும்பேல்லை. ஏஎல் புரொஜெக்ட் ஒப்படைக்க ரெண்டு நாள் இருந்துது. பைலுகளை மீட்டுக் குடுத்தம், ஆனால் அந்த ரெண்டு நாளும் அவன் சாப்பிடேல்லை.

எங்கட ஊரில கனபேருக்கு வீட்டுப் பேர் ஒண்டு, பள்ளிக்கூடப் பேர் ஒண்டு. வீட்டுப் பேர் லிஸ்ட்டையும் பள்ளிக்கூட லிஸ்ட்டையும் எடுத்து ஆக்களை எண்ணினால் உண்மையில இருக்கிறதைவிடக் கூடத்தான் வரும், ஏன் எண்டால் அதே பிள்ளையை ரெண்டு தரம் எண்ணுறம். வின்எஸ்எக்ஸ்எஸ்ஸும் அப்பிடித்தான். விண்டோஸின்ர பகுதிகளின்ர மூலப் பிரதி அங்க இருக்கு, அதே பைலுக்கு வேற போல்டரில இன்னொரு பேரும் இருக்கு, இதுக்கு ஹார்ட் லிங்க் எண்டு சொல்லிறது: டிஸ்க்கில ஒரே பைல், பேர் மட்டும் ரெண்டு. போல்டரின்ர அளவைப் பாக்கேக்க அது ரெண்டு இடத்திலயும் எண்ணுப்படுது, அதால வின்எஸ்எக்ஸ்எஸ் உண்மையில பிடிக்கிறதைவிடக் கூடக் காட்டுது. அதுக்குள்ள பழைய அப்டேட்டுகளின்ர மிச்சமும் இருக்கும், அது உண்மையான குப்பைதான், ஆனால் எது குப்பை எண்டு விண்டோஸுக்குத்தான் தெரியும். டிஸ்க் கிளீனப்பைத் திறந்து சிஸ்டம் பைல்களைச் சுத்தம் செய் எண்டதை அமத்தி, விண்டோஸ் அப்டேட் கிளீனப் எண்ட வரியைத் தெரிஞ்சால் அது பாத்து அழிக்கும். டெலிவரி ஒப்டிமைசேஷன் எண்டும் ஒரு வரி வரும், உங்கட மெசின் இறக்கின அப்டேட் துண்டுகளை மற்ற மெசினுகளுக்கும் குடுக்கிறதுக்கு வச்சிருக்கிறது, அதையும் தாராளமா அழிக்கலாம்.

கிளீனர் எண்டு இன்டர்நெட்டில கிடைக்கிற இலவச சொஃப்ட்வெயாரை இதுக்கு எண்டு போடாதேங்கோ. அதுகள் செய்யிற நல்ல வேலையை விண்டோஸே செய்யுது, மிச்சம் செய்யிற வேலைதான் பயம்.

இன்னொரு நல்ல வழி கொம்பக்ட் ஓஎஸ். பாயைச் சுருட்டி மூலையில வச்சிட்டு ஆள் வரேக்க விரிக்கிறமே, அதே மாதிரி விண்டோஸ் தன்ர சொந்தப் பைலுகளைச் சுருக்கி வச்சிட்டு வாசிக்கேக்க விரிச்சு எடுக்கும். ஏறக்குறைய 2 ஜிபி மிஞ்சும். விரிக்கிறதுக்குப் புரொசசருக்குக் கொஞ்சம் வேலை கூடும், ஆனால் சின்ன டிஸ்க் வச்சிருக்கிறவைக்கு அது பெரிய பாரம் எண்டு நான் காணேல்லை. டிஸ்க் சின்னன் எண்டு கண்டால் சிலவேளை விண்டோஸ் தானாவே இதைச் செய்துவிடும்.

சுருக்கமாச் சொன்னால், பழைய விண்டோஸையும் அப்டேட் மிச்சத்தையும் விண்டோஸின்ர கையாலயே அழிப்பியுங்கோ, ஹைபர்னேட்டை உங்கட பற்றரியைப் பாத்து முடிவெடுங்கோ, ஒதுக்கி வச்ச 7 ஜிபியையும் பேஜ் பைலையும் விடுங்கோ, வின்எஸ்எக்ஸ்எஸ்ஸைக் கையால தொடவே வேண்டாம்.

சின்ன வளவுக்குள்ள வேலி போடாதேங்கோ

இதைத்தான் நான் கூடச் சொல்ல ஆசைப்படுறன், ஏன் எண்டால் என்னட்ட வாற மெசினுகளில பாதியில இந்தப் பிழைதான் இருக்கு. 120 ஜிபி எஸ்எஸ்டி ஒண்டைப் போட்டு, அதைச் சி எண்டு 40 ஜிபி, டி எண்டு 70 ஜிபி எண்டு ரெண்டாப் பிரிச்சுக் குடுத்திருப்பினம். ஹார்ட் டிஸ்க் காலத்துப் பழக்கம் அது. போமட் அடிச்சால் சி போகும் டி மிஞ்சும் எண்டு. அப்ப 500 ஜிபி டிஸ்க்கில அது நியாயமா இருந்துது.

அஞ்சு பரப்பு வளவுக்கு நடுவில வேலி போட்டால் பரவாயில்லை. அரைப் பரப்புக்குள்ள வேலி போட்டால்? இந்தப் பக்கம் பந்தல் போட இடம் இல்லாமல் நெருக்குப்படுது, அந்தப் பக்கம் வெறும் நிலம் கிடக்கு, வேலி இருக்கிறதால அதைப் பாவிக்க ஏலாது. 40 ஜிபி சியில விண்டோஸும் ஓபிஸும் போட்டால் அப்டேட்டுக்கு முற்றமே இல்லை, டியில 50 ஜிபி வெறுமையாக் கிடந்தாலும் "இடம் காணாது" எண்டுதான் வரும். 256 ஜிபிக்குக் கீழ உள்ள டிஸ்க்கைப் பிரிக்கவே வேண்டாம் எண்டதுதான் என்ர முடிவு.

டியில வச்சால் பாதுகாப்பு எண்ட நினைப்பும் பிழை. போமட்டில இருந்து அது தப்பும், டிஸ்க் செத்தால் சியும் டியும் ஒண்டாத்தான் சாகும், ரெண்டும் ஒரே டிஸ்க்கில. பக்கப் எண்டால் வேற ஒரு சாமானில இன்னொரு பிரதி இருக்கிறது.

எஸ்எஸ்டிக்கும் ஒரு வெறும் பாத்தி வேணும்

மூண்டாவது இடம் இதுதான், கண்ணுக்குத் தெரியாதது, அதால ஆரும் கணக்கில எடுக்கிறேல்லை. டிஸ்க்கில 2 ஜிபி மிச்சம் இருக்கேக்க மெசின் ஏன் ஆமை மாதிரி ஊருது எண்டதுக்கு மறுமொழி இங்க இருக்கு.

இணுவில் பக்கம் செம்மண் தோட்டத்தில வெங்காயம் வைக்கிறதைப் பாத்திருப்பீங்கள். நடுறது ஒவ்வொரு முடியா நடலாம். ஆனால் மண்ணைக் கொத்திப் புதுசாக்கிறது பாத்தி பாத்தியாத்தான், நிக்கிற வெங்காயத்துக்கு நடுவில ஒரு சாண் இடத்தை மட்டும் கொத்தித் திருத்த ஏலாது. எஸ்எஸ்டியின்ர சிப்பும் அப்பிடித்தான்: எழுதுறது பேஜ் எண்ட சின்னத் துண்டில, சில கிலோபைட் அளவு. அழிக்கிறது புளொக் எண்ட பெரிய பாத்தியில, நூற்றுக்கணக்கான பேஜ் சேந்தது ஒரு புளொக். ஏற்கனவே எழுதின பேஜுக்கு மேல அப்பிடியே எழுத ஏலாது, முழுப் புளொக்கையும் அழிச்சுத்தான் திரும்ப எழுதலாம்.

அப்ப ஒரு பாத்தியில பாதி பட்டுப்போச்சு, பாதி உயிரோட நிக்குது எண்டால் என்ன செய்யிறது? உயிரோட நிக்கிறதைப் பிடுங்கி வெறும் பாத்தி ஒண்டில நட்டிட்டு, பழைய பாத்தியை முழுக்கக் கொத்துறது. இதை எஸ்எஸ்டி தன்பாட்டில பின்னால செய்துகொண்டே இருக்கும். அதுக்கு வெறும் பாத்தி வேணும். டிஸ்க் நிரம்பி வழிஞ்சால் வெறும் பாத்தி குறைஞ்சுபோய், ஒவ்வொரு சின்னப் பைல் எழுதவும் அது கனக்கப் பிடுங்கி நடவேண்டியிருக்கு. மெசின் இழுபடும், டிஸ்க்கும் கெதியாத் தேயும், ஏன் எண்டால் ஒரு புளொக்கை இத்தனை தரந்தான் அழிக்கலாம் எண்டு ஒரு எல்லை இருக்கு.

எந்தச் செடி பட்டது எண்டு எஸ்எஸ்டிக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் ஒரு பைலை அழிச்சால் விண்டோஸ் தன்ர கணக்கிலதான் அழிக்குது. டிரிம் எண்ட கட்டளை மூலம் "இந்த இந்த இடம் இனி வேண்டாம்" எண்டு எஸ்எஸ்டிக்கு அறிவிக்கும், விண்டோஸ் செவனில இருந்து இது தானாவே நடக்குது, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. 120 எண்டு விக்கிற கன எஸ்எஸ்டிக்குள்ள 128 அளவுக்குச் சிப் இருக்கும், மிச்சத்தை டிஸ்க் இந்த வேலைக்கு எண்டு தனக்கு வச்சிருக்கும். அதுக்கு மேல நாங்களும் கொஞ்சம் விடோணும், நான் வழமையா அஞ்சில ஒரு பங்கை வெறுமையா விடச் சொல்லிறன்.

தங்கச்சியின்ர 64 ஜிபியில செய்தது

அவவின்ர மெசின் புரொசசராலயும் டிபிஎம்மாலயும் லெவனுக்குத் தகுதியானது, அதை முதலே பாத்திட்டன். பழசுக்கு மேல ஏத்துறதெண்டால் பழைய விண்டோஸும் புதுசும் ஒண்டா நிக்க இடம் வேணும், அவவிட்ட 9 ஜிபிதான் மிச்சம். இப்பிடி இடம் தட்டுப்படேக்க 10 ஜிபிக்கு மேல வெறுமையா உள்ள பென் ட்ரைவ் ஒண்டைச் செருகினால் விண்டோஸ் அதைத் தற்காலிகமாப் பாவிக்கும், பக்கத்து வீட்டுக்காரரின்ர முற்றத்தில பந்தல் போடுற மாதிரி, அதுவும் ஒரு வழி. ஆனால் அவவின்ர விண்டோஸ் நாலு வருசமாப் பாவிச்சது, அதால முழுக்க அழிச்சுப் புதுசாப் போடுறதைத்தான் நான் விரும்பினன்.

முதல்ல அவவின்ர பைலுகளை ஒரு வெளி டிஸ்க்கில கொப்பி பண்ணி, அந்தக் கொப்பியில நாலஞ்சைத் திறந்தும் பாத்தம், திறந்து பாக்காத பக்கப்பை நான் நம்பிறேல்லை. 8 ஜிபி பென் ட்ரைவில மைக்ரோசொஃப்ட்டின்ர சொந்தக் கருவியாலயே லெவனை இறக்கினம். வைஃபையை வேலை செய்ய வைக்கிற ட்ரைவர் எண்ட சின்ன சொஃப்ட்வெயாரை இன்னொரு பென் ட்ரைவில எடுத்து வச்சம், அதை மறந்து கனபேர் இன்டர்நெட் இல்லாமல் பாதியில நிக்கினம். இன்ஸ்டோல் பண்ணேக்க பழைய துண்டுகள் எல்லாத்தையும் அழிச்சு முழு டிஸ்க்கையும் ஒண்டா விட்டு, பிரிக்கிற வேலையை விண்டோஸிட்டயே குடுத்தம். லைசென்ஸ் கீ கேக்கேக்க இல்லை எண்டு குடுத்தம், முந்தி இருந்த அதே ஹோம் பதிப்பைப் போட்டதால பிறகு நெட்டில இணைஞ்சவுடன தானாவே அக்டிவேட் ஆச்சு. அப்டேட் எல்லாம் முடிய, கிளீனப் செய்து, கொம்பக்ட் ஓஎஸ்ஸும் போட்டு, பற்றரி சரியில்லாததால ஹைபர்னேட்டை விட்டுவச்சு, ஓபிஸ், குரோம், சூம் எல்லாம் போட்டாப் பிறகு 24 ஜிபி வெறுமையா நிண்டுது. அதில 12 ஜிபிக்குக் கீழ போக விடாதேங்கோ எண்டு சொல்லியனுப்பினன். வாட்ஸ்அப்பில வாற வீடியோக்கள்தான் அவவின்ர மெசினில முந்தி கூட இடம் பிடிச்சிருந்தது, அது தானா இறங்கிறதை நிப்பாட்டிவிட்டம்.

எப்ப டிஸ்க்கை மாத்தலாம், எப்ப ஏலாது

32 ஜிபி டிஸ்க் உள்ள மெசினுக்கு லெவன் வேண்டாம், எவ்வளவு சுருக்கினாலும் முற்றம் வராது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எண்ட இலவச ஓஎஸ்ஸை 20 ஜிபி இருந்தால் போடலாம் எண்டு அதைச் செய்யிறவையே சொல்லினம், இன்டர்நெட் பாக்கவும் எழுதவும் அது நல்லாக் காணும்.

மாத்துறதுக்கு முதல் பாக்கவேண்டியது, உள்ள டிஸ்க் கழட்டக்கூடியதோ எண்டு. மலிவான சின்ன லப்டொப்புகளில இஎம்எம்சி எண்டு ஒரு வகை வரும், எஸ்எஸ்டியைப் போலவே சிப்தான், ஆனால் மதர்போர்ட்டோட ஈயம் வச்சு ஒட்டினது, கழட்டி வேற போட ஏலாது. டாஸ்க் மனேஜரில டிஸ்க்கின்ர பேரைப் பாத்து அதை நெட்டில தேடினால் தெரிஞ்சிடும். கழட்டக்கூடியது எண்டால் அது 2.5 அங்குலப் பெட்டியோ, எம்.2 எண்ட மெல்லிய பட்டையோ எண்டு பாருங்கோ. எம்.2 எண்டாலும் சாட்டா, என்விஎம்இ எண்டு ரெண்டு வகை, ஒண்டுக்கு எண்டு இருக்கிற சொக்கற்றில மற்றது வேலை செய்யாமப் போகலாம், பழசைக் கழட்டிக் கையில கொண்டுபோய்க் காட்டி வாங்கிறது நல்லது.

தங்கச்சியின்ரது இஎம்எம்சி. அதால 64க்குள்ளதான் அவ காலத்தை ஓட்டோணும், படங்களுக்கும் லெக்சர் வீடியோக்களுக்கும் பக்கத்தில இருக்கிற மெமரி கார்ட் ஓட்டையில ஒரு கார்ட் போட்டுக் குடுத்திருக்கிறன். சனிக்கிழமை தம்பியின்ர லப்டொப்பையும் கொண்டாறன் எண்டவ. அது 120 ஜிபி, சி, டி எண்டு ரெண்டாப் பிரிச்சிருக்காம்.